தாடிக் கைக்கோடாலி வாங்கும் முன்: செதுக்கவா, காட்டுக்கா?

சின்னதாக ஒரு தாடிக் கோடாலி வாங்கி, அதையே காட்டுக்கும் தூக்கிப் போய், வீட்டுக்கு வந்ததும் அதிலேயே மரக் கரண்டியும் செதுக்கிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. நினைப்பதில் தப்பில்லை, நடக்கக்கூடியதும்தான். ஆனால் இந்த இரண்டு வேலையும் ஒரே இரும்பிடம் நேர் எதிரான குணங்களைக் கேட்கும் என்பது வாங்கிய பிறகுதான் பலருக்கும் உறைக்கிறது. காட்டில் கிளை கழிக்க வேண்டும், விறகு பிளக்க வேண்டும், கணுவில் மோதினாலும் வாய் சிதறக் கூடாது. அதற்குக் கன்னம், அதாவது தலையின் பக்கச் சுவர், கொஞ்சம் தடித்து, ஆப்பு மாதிரி விரியும் தலை நல்லது. செதுக்குவதற்கு மெல்லிய வாய் வேண்டும், வாயை நோக்கி இறங்கும் சரிவு தட்டையாக வேண்டும், கை வாய்க்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிடிக்காதவர்கள் காரணத்தைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வரலாம். பையில் மடக்கு ரம்பம் ஒன்று இருக்கிறது என்றால் செதுக்கும் பக்கமே சாயுங்கள். ரம்பம் தூக்க மாட்டேன், கோடாலி மட்டும்தான் என்றால் காட்டுக் கோடாலி. தாடி எவ்வளவு நீளம், எந்த ஊர்ப் பட்டறை, காம்பில் என்ன பொறித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

தாடி எதற்கு என்பதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அழகுக்காக வாங்குபவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். தலையின் வாய்ப்பகுதி கீழ்நோக்கி இறங்கி, அதற்கும் காம்புக்கும் நடுவில் ஒரு வளைந்த இடைவெளி விட்டு நிற்கிறதே, அதுதான் தாடி. ஸ்காண்டிநேவியாவில் வைக்கிங் காலத்திலேயே இந்த வடிவம் புழக்கத்தில் இருந்தது. தலை முழுவதையும் கனமாக்காமல் வெட்டும் வாயை மட்டும் நீளமாக்கிக்கொள்ள இதைவிட எளிய வழி கிடையாது. செதுக்குபவருக்கு அதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. கையை மேலே ஏற்றி, ஆள்காட்டி விரலை அந்த இடைவெளிக்குள் நுழைத்து, கட்டைவிரலைத் தலையின் பக்கவாட்டில் வைத்துப் பிடித்துப் பாருங்கள். உங்கள் கைமுட்டி வாயின் நடுப்பகுதிக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்தப் பிடியில் கோடாலியைத் தள்ளியே சீவலாம், வீசவே வேண்டாம். கோடாலி ஆடாது, எந்த இடத்தில் இறங்கும் என்று கைக்கே தெரியும்.

அதனால் தாடியை அளக்க வேண்டியது கண்ணால் இல்லை, விரலால். கையுறை போட்ட விரல் நெருக்கடி இல்லாமல் உள்ளே போகிறதா, தாடியின் உள்விளிம்பு விரலை அறுக்காதபடி மழுக்கப்பட்டிருக்கிறதா, இவ்வளவுதான். சில கோடாலிகளில் தாடி ஓர் அலங்காரம் மட்டும்தான், விரல் பாதிகூட நுழையாது. சிலவற்றில் நேர் எதிராக, தாடி அளவுக்கு மீறி இறங்கி, அதன் கூரான கீழ்நுனி உங்கள் சுண்டுவிரல் பக்கம் எட்டிப் பார்க்கும். அந்த நுனிதான் விறகு பிளக்கும்போது கணுவில் மாட்டிக்கொள்வது, முதலில் உடைவதும் அதுதான். மிதமான தாடி போதும்.

அடுத்தது வாயின் தடிமன். எனக்கு இதுதான் உண்மையான தேர்வு, மற்றதெல்லாம் ரசனை. ஒரு வெர்னியர் அளவுகோல் எடுத்து, வாயின் விளிம்பிலிருந்து சரியாக 1 செ.மீ. உள்ளே தள்ளித் தடிமனை அளந்து பாருங்கள். 4.5 மி.மீ. பக்கம் வந்தால் மொத்தக் கோணம் ஏறக்குறைய 25 டிகிரி. 5.4 மி.மீ. என்றால் 30 டிகிரி. 7 மி.மீ. தாண்டினால் 40 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், அதை வைத்து விறகு பிளக்கலாம், கரண்டி செதுக்க ஆரம்பித்தால் மரத்தில் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடும். பச்சை மரத்தைச் செதுக்க 25 முதல் 30 வரை, இரண்டு வேலைக்கும் பொதுவாக 30, வெறும் காட்டு வேலைக்கு 30 முதல் 35 என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். கடையில் அளக்க முடியாது, வலைத்தளத்தில் வாங்குகிறேன் என்றால் விற்பவரிடமே அளந்து சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் சொல்கிறவரிடம் வாங்குவது எப்போதுமே நல்லது.

கோணம் ஒரே அளவாக இருந்தாலும் சரிவு தட்டையா, புடைப்பா என்று ஒன்று இருக்கிறது. தட்டையான சரிவு மரத்தின் மேல் படுத்து உட்காரும். கோடாலியைச் சாய்த்து வைத்தாலே எங்கே வெட்டு தொடங்கும் என்று சரிவே வழிகாட்டும், உளிக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். புடைத்த சரிவு மரத்தைத் தள்ளி விலக்கும், சிக்கிக்கொள்ளாது, வாயும் உறுதி. காட்டுக் கோடாலிகள் பெரும்பாலும் லேசாகப் புடைத்தே வரும். அதைத் தட்டையாக்குவது ஒரு மாலை வேலை. மெல்லிய வாயைத் தடிப்பாக்க வேண்டும் என்றாலோ இரும்பைத் தின்றுதான் ஆக வேண்டும், கன்னம் மெலிந்தது மெலிந்ததுதான்.

சரி, ஆட்களுக்கு வருவோம்.

செதுக்குவதற்கென்றே செய்யப்பட்டவற்றில் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் ஸ்வீடனின் கிரான்ஸ்ஃபோர்ஸ் ப்ரூக். 1902 முதல் இருக்கும் பட்டறை, அடித்த கொல்லரின் பெயரெழுத்துகளைத் தலையில் பொறிப்பார்கள். அவர்களுடைய ஸ்வீடிஷ் கார்விங் கோடாலி, வில்லே சுண்ட்க்விஸ்ட் என்ற புகழ்பெற்ற மரச்செதுக்குக் கலைஞரோடு சேர்ந்து உருவாக்கியது. மொத்தம் 1 கிலோ அளவுக்கு வரும், காம்பு 37 செ.மீ. பக்கம், வாய் நீளமாக, வளைந்து, மேல்முனை நன்றாக ஏறி நிற்கும். அந்த ஏறிய முனைதான் கரண்டியின் கழுத்து போன்ற உள்வளைவுகளில் மற்ற கோடாலிகள் போக முடியாத இடத்துக்குப் போகிறது. செதுக்கும் கட்டைக்கு முன்னால் நின்றால் இதற்கு ஈடு குறைவு. கனமே பாதி வேலையைச் செய்துவிடும், நீங்கள் தூக்கி விட்டால் போதும். ஆனால் ஒரு மணி நேரம் கழித்து மணிக்கட்டு பேச ஆரம்பிக்கும். புதிதாகத் தொடங்குபவர் கையில் 1 கிலோ கோடாலி குறி தவற வைக்கிற கோடாலிதான். முதுகில் தூக்கிக்கொண்டு மலையேறவும் எனக்கு மனம் வராது.

அதே வகையில் இலகுவானவையும் உண்டு. ஸ்வீடனில் ஹான்ஸ் கார்ல்சன், ஸ்வான்தே ட்யார்வ் ஆகியோரின் பட்டறைகளில் வரும் கோடாலிகளைச் செதுக்குபவர்கள் காத்திருந்துகூட வாங்குவார்கள். இங்கிலாந்தின் ராபின் வுட் பெயரில் வரும் செதுக்குக் கோடாலி இவற்றையெல்லாம்விட எளிமையானது, இலகுவானது, மினுக்கல் கிடையாது, கற்றுக்கொள்பவருக்கு அளவான கனம். முதல் செதுக்குக் கோடாலி எது என்று என்னைக் கேட்டால் தலை மட்டும் 500 முதல் 600 கிராமுக்குள் இருக்கும் எதையும் எடுங்கள் என்பேன். பெரிய பெயருக்காகக் கனத்தை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

செதுக்குக் கோடாலி வாங்கும்போது ஒருபக்கச் சரிவா, இருபக்கச் சரிவா என்ற கேள்வி வரும். ஒருபக்கச் சரிவுள்ளதில் ஒரு முகம் முழுத் தட்டை, வலதுகைக்காரருக்கு அந்தத் தட்டை முகம் இடப்பக்கம், அதாவது மரத்தைப் பார்த்தபடி இருக்கும். பலகை மாதிரி நேர் பரப்பு சீவ அதைப்போல் ஒன்று கிடையாது. உள்வளைவு வந்ததும் தடுமாறும், ஏனென்றால் தட்டை முகம் மரத்துக்குள்ளேயே போகப் பார்க்கும், வெளியே திரும்பி வர வழி தெரியாது. அதோடு இடதுகைக்காரரிடம் கடன் கொடுக்கவும் முடியாது. கரண்டி, கிண்ணம், கத்திப்பிடி என்று வளைவுகளோடு வேலை என்றால் இருபக்கச் சரிவுதான். காட்டுக்கும் போகிற கோடாலி என்றால் யோசிக்கவே வேண்டாம், இருபக்கம்தான். ஒருபக்கச் சரிவோடு குச்சி பிளக்கப் போனால் கோடாலி ஒருபக்கமாகவே இழுத்துக்கொண்டு ஓடும்.

இனி எதிர்முனை. சிறிய காட்டுக் கைக்கோடாலிகள். கிரான்ஸ்ஃபோர்ஸின் வைல்ட்லைஃப் ஹேட்செட் ஏறத்தாழ 600 கிராம், 35 செ.மீ. நீளம். 1697இலிருந்து இயங்கும் இன்னொரு ஸ்வீடன் பட்டறையான ஹுல்ட்ஸ் ப்ரூக்கின் அல்மிகே, தலை அரைக் கிலோ அளவு, காம்பு 40 செ.மீ. பக்கம். இரண்டிலும் தாடி அடக்கமாகத்தான் இருக்கும், வைக்கிங் படம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது தாடியா என்றே சந்தேகம் வரும். ஆனால் விரல் ஏறிப் பிடிக்க முடியும், வாயும் கொல்லர் வேலை என்பதால் கடைக் கோடாலிகளைவிட மெலிந்தே வரும். செதுக்குக் கோடாலியோடு ஒப்பிட்டால் வாய் நீளம் குறைவு, மேல்முனை அவ்வளவாக ஏறாது, சரிவு லேசாகப் புடைப்பு. கரண்டியை வரைந்த கோட்டுக்குப் பக்கம் வரை கொண்டுவந்துவிடும், கடைசி 2 மி.மீ. கத்திக்கு விட வேண்டியிருக்கும். அதுவே போதும் என்பவர்கள்தான் அதிகம், உண்மையைச் சொன்னால் அவர்கள் சொல்வதும் சரிதான்.

இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது கிரான்ஸ்ஃபோர்ஸின் அவுட்டோர் கோடாலி. உயிர்பிழைப்புப் பயிற்சியில் பெயர்பெற்ற ஸ்வீடன்காரர் லார்ஸ் ஃபெல்ட்டுடன் சேர்ந்து வடிவமைத்தது. தாடி நன்றாக இறங்கியிருக்கும், வாய் மெல்லியது, தலைக்குக் கீழே காம்பைச் சுற்றி எஃகுக் கவசம் ஒன்று உண்டு. குறி தவறி மரத்தின் மேல் காம்பு மோதினால் அடி வாங்குவது அந்தக் கவசம்தான். படித்ததும் இதுதான் விடை என்று தோன்றும். எனக்கு ஒரே குறை அந்தக் கவசம்தான். கையை மேலே ஏற்றிப் பிடிக்கும் இடத்தில் மரத்துக்குப் பதிலாக இரும்பு, குளிரில் சில்லென்று குத்தும், வியர்வையில் வழுக்கும். எப்போதாவது செதுக்குகிறவருக்கு இது பொருட்டே இல்லை. தினமும் உட்காருகிறவர் அந்தப் பிடியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

50 செ.மீ. காம்புள்ள சிறிய காட்டுக் கோடாலி, அதாவது ஸ்மால் ஃபாரஸ்ட் வகை, நல்ல கருவி. ஆனால் அது இரண்டு கைக் கோடாலியை நோக்கிப் போகிற பாதை, செதுக்கும்போது காம்பின் வால் முழங்கையில் இடித்துக்கொண்டே இருக்கும். இந்தப் பேச்சில் அதற்கு இடமில்லை.

பிளாஸ்டிக் காம்புள்ள ஃபிஸ்கார்ஸ் எக்ஸ்7 பற்றிக் கேட்பவர்களும் உண்டு. 640 கிராம் அளவு, தலை கழன்று பறக்காது, விறகு பிளக்க நன்றாகவே வரும், மழையில் கிடந்தாலும் கவலையில்லை. தாடி கிடையாது, தலைக்குப் பக்கத்தில் ஏறிப் பிடிக்க அது வாகாகவும் இல்லை, காம்பு போனால் கோடாலியே போயிற்று. ஒரே இரும்பாக அடிக்கப்பட்ட எஸ்ட்விங் உடையவே உடையாது, அதற்காகவே பலர் வாங்குகிறார்கள். செதுக்குவதற்கோ அதன் கன்னம் ஒத்துவராது. மற்றபடி மெல்லிய பின்மண்டையோடு (வாய்க்கு எதிர்ப்பக்கம்), பிறை மாதிரி வாய் விரிந்து, காம்பில் எழுத்துகள் சுட்டு வருகிற வைக்கிங் பாணிக் கோடாலிகள் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். அவற்றில் சில நல்ல எஃகுதான், ஆனால் எறிவதற்கும் காட்டுவதற்கும் வடிவமைத்த தலையில் கனம் எல்லாம் வாய்ப்பக்கம் போய்விடும். கையில் பிடித்தால் மூக்கு கீழே சாய்ந்துகொண்டே இருக்கும், அதைத் தூக்கிப் பிடிக்கவே மணிக்கட்டின் பலம் பாதி செலவாகும். பின்மண்டையில் கொஞ்சம் இரும்பு இருப்பது முளை அடிப்பதற்கு மட்டும் இல்லை, இந்தச் சமநிலைக்கும்தான்.

இப்போது ரம்பம் பற்றி. காட்டில் சிறிய கோடாலி செய்வது என்ன என்று எண்ணிப் பாருங்கள். மணிக்கட்டு தடிமனுக்கு மேல் குறுக்கே வெட்ட 35 செ.மீ. கோடாலியை வீசுவதைவிட மடக்கு ரம்பம் வேகம், பத்திரமும்கூட. குட்டைக் காம்புக் கோடாலி குறி தவறினால் வளைவாக வந்து முட்டிக்கும் கணுக்காலுக்கும்தான் போகும், நீளக் காம்பு மாதிரி தரையில் போய்க் குத்தாது. அதனால் குறுக்கு வெட்டை ரம்பத்துக்குக் கொடுத்துவிட்டால் கோடாலிக்கு மிச்சம் என்ன? கிளை கழிப்பது, முளை கூராக்குவது, சின்னக் கட்டைகளைப் பிளப்பது. முதல் இரண்டுக்கும் மெல்லிய வாய்தான் நல்லது. மூன்றாவதில்தான் காட்டுக் கோடாலிக்கு மேல்கை, மெல்லிய வாய் மரத்துக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

அதற்கும் வழி இருக்கிறது. வீசிப் பிளக்காதீர்கள். பிளக்க வேண்டிய துண்டின் மேல்நுனியில் வாயைப் பதித்து வைத்து, இரண்டையும் சேர்த்தே பிடித்துத் தூக்கி, அடிக்கட்டையில் ஒன்றாகத் தட்டுங்கள். உள்ளே கொஞ்சம் இறங்கியதும் கோடாலியை லேசாகப் பக்கவாட்டில் திருப்புங்கள், நார் விட்டுக்கொடுத்துவிடும். தடித்த துண்டு என்றால் வாயைப் பதித்துவிட்டு, இன்னொரு கட்டையால் பின்மண்டையில் தட்டலாம், மரத்தால் மட்டும். இரும்புச் சுத்தியலால் அடித்தால் காம்பு நுழையும் துளையின் சுவர் விரியும், அப்புறம் எந்த ஆப்பு வைத்தாலும் தலை நிற்காது. இந்த முறையில் பிளந்தால் செதுக்குக் கோடாலிக்கும் காட்டுக் கோடாலிக்கும் இருக்கும் வித்தியாசம் பாதியாகச் சுருங்கிவிடும். ஆனால் காட்டுக் கோடாலியைச் செதுக்குக் கோடாலியாக நடக்க வைக்க இப்படிக் குறுக்கு வழி எதுவும் கிடையாது. நான் செதுக்கும் பக்கம் சாயச் சொல்வது இதனால்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உறைபனியில் இறுகிய மரம், நன்றாகக் காய்ந்த கடின மரம், கணுக்கள் நிறைந்த ஊசியிலை மரக் கிளை, இவையே உங்கள் காடு என்றால் 25 டிகிரி வாய் பல்பல்லாக உதிரும். கோடாலிகளின் கடினம் வழக்கமாக, எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 50களின் நடுவிலிருந்து 58க்குள் வைக்கப்படுவது வாய் உதிராமல் மடங்கட்டும் என்றுதான், இருந்தாலும் மெலிந்த வாய்க்கு ஓர் எல்லை உண்டு. அங்கே 32, 33 டிகிரியில் காட்டுக் கோடாலி எடுத்துக்கொள்ளுங்கள், வாதமே இல்லை.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது, கையில் நேரம் உள்ளவர்களுக்கு. பழைய கைக்கோடாலித் தலை ஒன்றை எடுத்து, அரத்தால் கன்னத்தை மெலித்து, தாடியின் உள்வளைவை நீங்களே ஆழப்படுத்தி, புதுக் காம்பு போடுவது. பணம் குறைவாகும், கோடாலியின் உடற்கூறு முழுக்கப் புரிந்துவிடும். மின்சாரச் சாணையில் மட்டும் அவசரம் வேண்டாம். எஃகு வெயில் நிற வைக்கோல் மஞ்சளைத் தாண்டி நீலத்துக்குப் போனால் அந்த இடத்தில் 300 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடேறிவிட்டது என்று அர்த்தம், பதம் இறங்கிவிடும், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. விரல் தாங்காத சூடு வந்தால் தண்ணீரில் முக்குங்கள், அல்லது அரத்திலேயே செய்யுங்கள். அரம் இரும்பைக் கடித்துச் சீவினால் அது வேலை செய்யக்கூடிய பதம். கண்ணாடி மேல் இழுத்த மாதிரி வழுக்கினால் வாய் மிகக் கடினம், ஆழமாகக் கடித்தால் மிக மென்மை.

எதை வாங்கினாலும் பெட்டியைப் பிரித்ததும் காம்பைப் பாருங்கள், குலத்தைக் கெடுக்கும் கோடாலிக் காம்பு என்று பழமொழி திட்டினாலும் வெட்டுகிறவரைக் காப்பாற்றுவது அதுதான். காம்பின் அடியில் தெரியும் வளையக் கோடுகள் வாயின் போக்கிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால், அல்லது நார் நடுவழியில் பக்கவாட்டில் வெளியேறினால், மாற்றித் தரச் சொல்லுங்கள். ஹிக்கரி மரமோ ஆஷ் மரமோ எதுவும் சரி, நார் ஓட்டம்தான் முக்கியம். தலையின் மேல் ஆப்பு முழுதாக இறங்கி, துளையை இடைவெளி இல்லாமல் நிரப்பியிருக்க வேண்டும். கோடாலியைத் திருப்பி, வாயை மேலே வைத்துக் காம்பு வழியாக ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், வாய் காம்போடு ஒரே நேர்கோட்டில் போகிறதா என்று. லேசான விலகல் காட்டு வேலையில் தெரியாது, செதுக்கும்போது ஒவ்வொரு வெட்டும் ஒரே பக்கம் ஓடும்.

உறை வாயை மட்டும் மூடினால் போதாது, தாடியின் கீழ்நுனியையும் மூட வேண்டும், பைக்குள் துணியைக் கிழிப்பது அதுதான். காம்புக்கு ஆளி விதை எண்ணெய் மெல்லியதாகத் தேயுங்கள், ஆனால் அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது, விரித்துக் காயப் போட்டுவிட்டு எறியுங்கள். முதல் தீட்டலுக்கு முன்னால் சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படித்துவிட்டுக் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் எங்கே கறுப்பு போகிறது, எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். விளிம்பில் மட்டும் போனால் உங்கள் கை அதிகம் நிமிர்ந்திருக்கிறது, மேலே மட்டும் போனால் படுத்திருக்கிறது, நடுவில் மட்டும் போனால் சரிவே புடைப்பு, செதுக்க வாங்கியவர் அதைத் தட்டையாக்கும் வரை கல்லை விட வேண்டாம்.